பழைய காரின் வைப்பர் மந்தமாவது ஏன்?

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய காரில், மழைக்காலத்தின் முதல் நாளன்று வைப்பரைப் போட்டால், அது பாதிக் கண்ணாடி வரை ஏறித் தயங்கிப் பிறகு மெல்லச் சாய்வதைப் பலர் பார்த்திருப்பார்கள். மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதியது வாங்கி மாட்டுவது வழக்கமாகிவிட்டது. மாட்டிய பிறகும் அதே மந்தம் தொடரும்போதுதான் பழுது வேறெங்கோ இருந்தது புரிகிறது. மோட்டாரின் மேல் ஏறியிருக்கும் பளு கூடினாலும் வைப்பர் மந்தமாகும்; மோட்டாருக்கு வந்து சேரும் மின்சாரம் குறைந்தாலும் மந்தமாகும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்தறிய, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் சிறிது இயற்பியலும் போதும்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் இருப்பது, நிலைக்காந்தங்களுக்கு நடுவே கம்பிச் சுருள் சுழலும் நேர்மின்னோட்ட மோட்டார். சுருள் சுழலும்போது, பேட்டரியின் மின்னழுத்தத்தை எதிர்த்து நிற்கும் ஒரு மின்னழுத்தம் அதற்குள்ளேயே பிறக்கிறது. எதிர் மின்னியக்கு விசை எனப்படும் இது, சுழலும் வேகம் கூடக் கூடத் தானும் கூடும். வைப்பரின் கை எங்கேனும் இறுகிப் பளு ஏறினால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததால் எதிர்ப்பு தளர்ந்து, பேட்டரியிலிருந்து கூடுதல் மின்னோட்டம் பாய்கிறது. அந்த மின்னோட்டம் தரும் முறுக்குவிசை பளுவுக்கு ஈடாகும் இடத்தில் மோட்டார் ஒரு புதிய, மெதுவான வேகத்தில் நிலைகொள்கிறது. ஆகவே இறுக்கத்தால் வரும் மந்தத்தில் மின்னோட்டம் வழக்கத்தைவிட மிகுதியாக இருக்கும். வயரிலோ ஸ்விட்சிலோ குறை இருந்தால் மின்னோட்டம் கூடாது. மோட்டாரின் முனைகளில் மின்னழுத்தம்தான் குறைந்திருக்கும். முனைகளில் முழு மின்னழுத்தமும் இருந்து, மின்னோட்டமும் கூடாமல், வேகம் மட்டும் குறைந்திருந்தால், மோட்டாருக்குள் சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகளை எஞ்சின் ஓடும்போது, கண்ணாடியை நன்றாக நனைத்துவிட்டே எடுக்க வேண்டும். காய்ந்த கண்ணாடியில் ரப்பரின் உராய்வே பெரிய பளுவாகிவிடும்.

என் கணிப்பில், பழைய காரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இறுக்கத்தைத்தான். வைப்பரின் கையைத் தாங்கும் ஸ்பிண்டில், கண்ணாடிக்குக் கீழே காரின் உடல் தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டி நிற்கிறது. மழைநீரும் தூசியும் அதன் வழியே உள்ளே இறங்குகின்றன. பல கார்களில் ஸ்பிண்டில் எஃகாலும், அதைச் சுற்றியுள்ள கூடு அலுமினியத்தாலும் ஆனவை. இரு வேறு உலோகங்களுக்கு இடையே ஈரம் நின்றால் அலுமினியம் விரைவாக அரிக்கப்படும். அரிப்பில் உண்டாகும் வெண்ணிறப் பொடி, தான் தோன்றிய உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மயிரிழை அளவே உள்ள இடைவெளி நிரம்பி ஸ்பிண்டில் கவ்விப் பிடிக்கப்படுகிறது. நம் ஊரில் வைப்பர் ஐப்பசி, கார்த்திகையில்தான் உழைக்கிறது. எஞ்சிய மாதங்களில் வெயிலில் நிற்கும் காரில் கிரீஸின் எண்ணெய்ப்பகுதி வற்றி, அது மெழுகுபோல் கெட்டியாகிவிடுகிறது. வைப்பர் உழைத்துத் தேய்வதைவிட, அசையாமல் கிடந்து இறுகுவதே இங்கு மிகுதி.

இதைச் சோதிப்பது எளிது. முதலில் பேட்டரியின் எதிர்முனை (நெகட்டிவ்) இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். தற்செயலாக மோட்டார் சுழன்றால், அதன் அசைவை வைப்பர்களுக்குக் கடத்தும் லிங்க் ராடுகளுக்கு இடையில் விரல் நசுங்கும். மோட்டாரின் சிறு கையிலிருந்து ராடைப் பிரித்துவிட்டு, வைப்பர்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். தங்குதடையின்றி ஆட வேண்டும். அசைக்கக் கனமாக இருந்தால், ஸ்பிண்டிலை வெளியே எடுத்து, மெல்லிய எமரித் தாளால் துடைத்து, கூட்டையும் சுத்தம் செய்து, லித்தியம் கிரீஸ் பூசி மாட்டுவதே உண்மையான பழுதுபார்ப்பு. துரு நீக்கும் எண்ணெயை மேலிருந்து தெளித்தால் அன்றைக்கு ஓடும். அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால் சில வாரங்களில் பழைய கதைதான்.

மின்வழிக் குறையும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. மோட்டார் 4 ஆம்பியர் இழுக்கிறது, ஸ்விட்சின் கருத்துப்போன தொடுமுனையில் வெறும் 0.5 ஓம் மின்தடை ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே 2 வோல்ட் தொலைந்துபோகும். 8 வாட் வெப்பமாகி, தொடுமுனையை மேலும் கெடுக்கும். மின்சாரம் காரின் உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் எர்த் இணைப்பும் அப்படித்தான். வைப்பர் ஓடும்போது மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால், நல்ல இணைப்பில் மீட்டர் ஏறக்குறைய சுழியத்தைக் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், துருவையும் பெயின்டையும் சுரண்டி, போல்ட்டை இறுக்கிவிட வேண்டும்.

பிரிப்பதற்கும் திரும்ப மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. வைப்பர் கைகளைக் கழற்றும் முன்பே அவை ஓய்ந்து நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். மோட்டாரையும் ராடுகளையும் பேட்டரியையும் இணைத்த பிறகு, கைகளை மாட்டாமலேயே ஒரு முறை ஓட்டி நிறுத்தினால், மோட்டார் தன் ஓய்வு நிலைக்குத் தானே வந்து நிற்கும். அதன் பிறகே கைகளை டேப்பின் குறிக்கு நேராக வைத்து நட்டை முடுக்க வேண்டும். கடைசியாகக் கண்ணாடியை நனைத்து, கூடுதல் வேகத்தில் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். போய்த் திரும்புவதை ஒன்றாகக் கணக்கிட்டு, 45 முறையாவது ஓட வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி வைத்திருக்கும் குறைந்த அளவு.