புரட்சி: சொல்லும் அதன் சரித்திரமும்

புரட்சி, பெயர்ச்சொல். ‘புரள்’ என்ற வினையடியோடு ‘சி’ விகுதி சேர்ந்து பிறந்தது. திரள் திரட்சியானதும் வறள் வறட்சியானதும் இதே வழியில்தான். புரள்வது என்றால் கீழ்ப்பக்கம் மேலே வருவது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் உழுதவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘பொய் புரட்டு’ என்கிறபோது வரும் புரட்டும், நம் வீட்டு இறைச்சிப் பிரட்டலும் இதே குடும்பம். ஆகவே பிறப்பிலேயே பெருமை பெற்ற சொல் இல்லை இது.

இலங்கையின் சாதாரண தரப் பரீட்சைக்கான வரலாற்றுப் பாடத்தில் இதற்கு மூலமாக நிற்கும் ஐரோப்பியச் சொல் ‘ரெவலூஷன்’. அதன் இலத்தீன் வேர் ‘ரெவொல்வெரே’; பின்னோக்கி உருளுதல், சுற்றித் திரும்புதல் என்று பொருள். வானியலாளர்களின் சொல்லாக அது நெடுங்காலம் வழங்கியது. 1543இல் கொப்பர்னிக்கஸ் தம் நூலின் தலைப்பில் அதை வைத்தது கோள்கள் சுற்றி வருவதைக் குறிக்கத்தான்; எந்த மன்னனையும் கவிழ்க்க அல்ல.

அரசியலுக்கு வந்தபோதும் சொல் பழைய பொருளை விடவில்லை. இங்கிலாந்தில் 1649இல் முதலாம் சார்ள்சின் தலையை வெட்டினார்கள். 1660இல் அவன் மகன் அரியணைக்குத் திரும்பினான். அந்தத் திரும்பலைத்தான் அக்காலத்தவர் ‘ரெவலூஷன்’ என்று எழுதினார்கள்! முடியாட்சி மீண்டதற்கு இன்று நாம் அந்தப் பெயரை வைப்போமா? 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் ஓடியபோதும், இழந்த பழைய உரிமைகள் மீண்டன என்ற பொருளிலேயே அச்சொல் ஆளப்பட்டது. அரசன் மாறினான், அரியணை இருந்தது.

பொருளைப் புரட்டிப் போட்டது பிரான்ஸ். 1789 ஜூலை 14இல் பஸ்டில் சிறை வீழ்ந்த செய்தி கேட்டு, “இது கலகமா?” என்றாராம் பதினாறாம் லூயி. “இல்லை மன்னரே, புரட்சி” என்றாராம் ஒரு பிரபு. கதை உண்மையோ இல்லையோ, இரு சொற்களுக்கும் உள்ள தூரத்தை அது நன்றாகக் காட்டுகிறது. 1792 செப்டெம்பரில் முடியாட்சி ஒழிந்தது. 1793 ஜனவரி 21இல் லூயியின் தலை போனது. அதன்பின் அச்சொல்லில் திரும்பி வருதல் என்பதற்கு இடமே இல்லை.

தமிழ் எடுத்துக்கொண்டது இந்தப் புதிய பொருளைத்தான். 1917இல் ஜார் மன்னன் வீழ்ந்ததைப் பாடிய பாரதி ‘யுகப்புரட்சி’ என்றார். சிங்களத்தில் இதே இடத்தில் நிற்கும் ‘விப்லவய’ வடமொழியிலிருந்து வந்தது. வெள்ளம், குழப்பம் என்ற சாயல் உடையது. நம் சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. என்ன நடந்தது என்பதோடு எந்தத் திசையில் நடந்தது என்பதையும் அது சொல்கிறது.

வன்னி மாணவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியது புரட்சிதானே? அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் அவன் தோற்றதைக் குறிக்க ஆங்கிலேயர் கற்சிலைமடுவில் கல் நட்டார்கள். அவன் போரிட்டது வன்னிமை என்ற குறுநில ஆட்சியை ஒழிக்க அல்ல, அந்நியரிடமிருந்து மீட்க. 1660ஆம் ஆண்டுப் பொருளில் பார்த்தால் ‘ரெவலூஷன்’ அவனுக்குப் பொருந்தும். தமிழ்ப் ‘புரட்சி’ பொருந்தாது. விடைத்தாளில் ‘எதிர்ப்புப் போர்’ என்று எழுதுங்கள். அவன் வீரம் அதனால் குறையாது.

‘கலகம்’ பெரும்பாலும் ஆள்பவன் வைக்கும் பெயர். 1857ஐச் சிப்பாய்க் கலகம் என்றவர்கள் யார் என்று பாருங்கள். ‘கிளர்ச்சி’ எழுந்ததை மட்டும் சொல்லும், வென்றதா என்று சொல்லாது. பத்திரிகைகள் எழுதும் ‘இராணுவப் புரட்சி’தான் எனக்கு ஒவ்வாதது. அதிகாரிகள் சிலர் சேர்ந்து ஆட்சியைப் பிடிக்க முயல்வதில் எந்தக் கீழ்மண்ணும் மேலே வருவதில்லை. 1962இல் கொழும்பில் முறியடிக்கப்பட்டது அத்தகைய முயற்சிதான். அதற்கு ‘ஆட்சிக் கவிழ்ப்பு’ என்ற சொல் போதும்.