சாளைக்கறி இல்லாத கிழங்கு

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “சார், அப்பாவுக்குத் தைராய்டு குறைவு, மாத்திரை சாப்பிடுகிறார். ‘மரச்சீனிக் கிழங்கில் சயனைடு இருக்கிறது, தைராய்டுக்கும் சுகருக்கும் அதுதான் காரணம்’ என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் யாரோ போட்டதிலிருந்து அம்மா கிழங்கு வாங்குவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் தினமும் சண்டை. யார் பக்கம் நியாயம்?”

பாதி அம்மா பக்கம், முக்கால் அப்பா பக்கம். கூட்டினால் ஒன்றுக்கு மேல் வருகிறதே என்று கேட்காதீர்கள், குடும்பக் கணக்கு அப்படித்தான்.

கிழங்கு நமக்கு வந்த கதை பலருக்கும் தெரியும். மரவள்ளி, கப்பை என்றும் சொல்வார்கள்; தென் அமெரிக்கச் செடி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியை ஊக்குவித்தார். 1942இல் பர்மா அரிசி நின்றபோது கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் உட்பட திருவிதாங்கூர் முழுவதற்கும் வயிற்றை நிரப்பியது அதுதான். நெல் விளையாத மேட்டிலும் விளையும், கசப்பு வகையில் எலியும் பன்றியும் அவ்வளவாகக் கை வைக்காது. ஏன் கை வைக்காது என்பதில்தான் நம் கதை தொடங்குகிறது.

கிழங்கில் சயனைடு அப்படியே உட்கார்ந்திருப்பதில்லை. லினமாரின் என்று ஒரு பொருள், ஒரு சர்க்கரை மூலக்கூறின் முதுகில் சயனைடைக் கட்டி வைத்தது போன்றது. அது செல்லுக்குள் ஒரு பையில் இருக்கிறது. அதை வெட்டிப் பிரிக்கிற நொதி லினமாரேஸ், செல்லின் சுவரில் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் சந்திக்காத மாமியார் மருமகள். எலி கடித்தாலோ, அரிவாள் பட்டாலோ, திருகியில் துருவினாலோ சுவர் இடிந்து இரண்டும் சந்திக்கின்றன. சர்க்கரை கழல்கிறது. மிச்சம் அசிட்டோனாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும் உடைகிறது. ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. நாகர்கோவில் மத்தியானத்துக்கு அது ஆவியாகிவிடும்.

அப்படியானால் வேகவைத்தால் எல்லாம் போய்விடுமே? இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. லினமாரின் வெப்பத்துக்கு அசைவதில்லை, லினமாரேஸ்தான் சூட்டில் செத்துப்போகும். கொதிக்கிற தண்ணீரில் பெரிய துண்டுகளாகப் போட்டு மூடிவைத்தால் லினமாரேஸ் என்ற கத்திரிக்கோல் முதலில் உருகிவிடுகிறது, கட்டு அவிழாமலே நிற்கிறது. ஆனால் லினமாரின் தண்ணீரில் கரையும். ஆகவே சின்னத் துண்டு, நிறையத் தண்ணீர், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது என்பதுதான் வழி.

திருவட்டாரில் என் பெரியம்மா செய்வது இதுதான். கிழங்கின் உள்தோலைச் சுருளாக உரித்தெடுத்து, கொத்திப்போட்டு, முங்கத் தண்ணீர் விட்டு, மூடாமல் அடுப்பில் வைப்பார். ஒரு கொதி வந்ததும் முழுக்க வடித்துக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் ஊற்றி, அப்போதுதான் உப்பு. “முதல் தண்ணியில கட்டு உண்டு மக்கா, அத வச்சா தல சுத்தும்” என்பார். கசப்புக் கிழங்கின் அந்த வேகத்துக்கு அவர் வைத்த பெயர் கட்டு. ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாக சயனைடு வெளிவருமானால் அது சாப்பாட்டுக் கிழங்கு. 100ஐத் தாண்டினால் ஆபத்து. நம் சந்தைகளில் கறிக்கென்று விற்பது பெரும்பாலும் முதல் வகை.

பல வருடங்களுக்கு முன், நான் வேதியியல் நடத்திய கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு சிறு குப்பிகளில் சோதித்துப் பார்த்தேன். ஒன்றில் துருவிய பச்சைக் கிழங்கு, மற்றதில் பெரியம்மா முறையில் அவித்தது. இரண்டிலும் மஞ்சள் பிக்ரேட் தாளைத் தொங்கவிட்டு மூடினேன். மறுநாள் காலையில் முதல் குப்பியின் தாள் செங்கல் நிறம். இரண்டாவது, கொஞ்சம் அழுக்குப்பட்ட மஞ்சள், அவ்வளவுதான்.

‘அவ்வளவுதான்’ என்பது பூஜ்யம் அல்ல. அந்தக் கொஞ்சத்தை உடம்பு என்ன செய்கிறது? அதைச் சொல்ல ஓர் ஆட்டின் கதை வேண்டும்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, கிழங்கு பறித்த கையோடு தழையை முற்றத்தில் குவித்து வைத்திருந்தோம். எங்கள் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அதில் ஒரு வயிறு தின்றுவிட்டது. தழையிலும் தோலிலும் கிழங்கின் சதையைவிட விஷம் அதிகம். அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களோ லினமாரினை மளமளவென்று உடைத்துத் தந்துவிடும். ஆடு வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, விறைத்து விழுந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, “கண்ணு பட்டிருக்கு, நூல் மந்திரிச்சிக் கெட்டுங்க” என்றார். நல்லவேளை, மாமா மிருக டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் ஊசி குத்தியபோது ஒரு சொட்டு ரத்தம் வந்தது. சிரையில் வருவது கறுத்திருக்க வேண்டும். இது செம்பருத்திப் பூ மாதிரி பளிச்சென்று இருந்தது. சயனைடு செய்கிற வேலை அது. செல்லின் கடைசி அடுப்பான சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியில் உள்ள இரும்பில் அது ஒட்டிக்கொள்கிறது. ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோய் வாசலில் நிற்கிறது, வாங்க ஆளில்லை, அப்படியே திரும்புகிறது. மூச்சு இருந்தும் மூச்சுத் திணறல்.

அவர் ஏற்றிய மருந்து சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ‘ஹைப்போ’ என்பார்களே, பிலிம் கழுவுகிற அதே உப்பு. கால் மணி நேரத்தில் ஆடு தலையைத் தூக்கியது. பாட்டி, தான் மனசுக்குள் வேண்டிக்கொண்டதால்தான் என்றார். நூலுக்குச் செலவாகியிருந்தால் நேரமும் செலவாகியிருக்கும் என்பதுதான் எனக்கு மந்திரத்தோடு இருக்கிற பகை.

ஹைப்போ எப்படி வேலை செய்கிறது என்பதைக் கல்லூரியில் படித்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் இன்றும் தீரவில்லை. நம் ஈரலில் ரொடனேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அதற்கு ஒரு கை. அந்தக் கையின் நுனியில் ஒரு சிஸ்டீன், அதில் ஒரு கந்தக அணு. தயோசல்பேட் வந்து இன்னொரு கந்தகத்தை அந்தக் கந்தகத்தின் மேல் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறது. குளச்சலில் வள்ளம் கரையேறும்போது தலைச்சுமைக்காரர் கூடையை வாங்கித் தலையில் வைத்து நிற்பாரே, அதுபோல நொதி சுமையோடு நிற்கிறது. சயனைடு வந்து இடித்ததும் அந்தச் சுமையை அதன் தலையில் இறக்கிவிடுகிறது. கந்தகம் ஏறிய சயனைடுக்குப் பெயர் தயோசயனேட். இரும்பை மறந்துவிட்டு சிறுநீரில் சாதுவாக வெளியேறும். நொதி வெறுங்கையோடு அடுத்த சுமைக்குத் தயார். ஒரு சயனைடுக்கு ஒரு கந்தகம்: 27 மில்லிகிராம் ஹைட்ரஜன் சயனைடுக்கு 32 மில்லிகிராம் கந்தகம்.

தட்டுப்பாடு நொதியில் இல்லை, அது ஈரலில் தாராளம். தட்டுப்பாடு கந்தகத்தில். உடம்பு தன் கந்தகத்தை மெத்தியோனின், சிஸ்டீன் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து எடுக்கிறது. கிழங்கில் புரதமே நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ. அதிலும் இந்த இரண்டும் சொற்பம். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம். உடம்பு தன் சொந்த வேலைக்கு எடுத்ததுபோக, ஒரு தட்டுக் கிழங்கின் மிச்ச விஷத்துக்குச் சில சாளையே தாராளம். மசித்து மயக்கிய கிழங்கும் தேங்காய் அரைத்த சாளைக்கறியும் ருசிக்காகச் சேர்ந்த ஜோடி என்றுதான் நினைத்திருந்தேன். அன்று ஆட்டுக்கு ஊசியில் போனது நமக்குக் கறிச்சட்டியில் வருகிறது.

மீன் இல்லாமல் கிழங்கு மட்டும் என்றால் என்ன ஆகும்? 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் வறட்சி. கசப்புக் கிழங்கு மட்டும் பிழைத்தது. பசி பொறுக்காமல், வழக்கமாகக் காயவைக்கும் நாட்களைக் குறைத்து அப்படியே மாவாக்கித் தின்றார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், திடீரென்று இரண்டு காலும் விறைத்துப் போயின. கொன்சோ என்ற அந்த நோய் 1938இல் காங்கோவில் பதிவானது. யாகா மொழியில் ‘கட்டிய கால்’ என்று பொருளாம். பெரியம்மாவின் ‘கட்டு’ நினைவுக்கு வந்தது. தற்செயல்தான், என்றாலும் உடம்பு சிலிர்த்தது. வந்த நோய் மேலும் முற்றாது, குணமும் ஆகாது. பயிற்சி, ஊன்றுகோல், சிலருக்குக் குதிகால் தசைநாணை நீட்டும் அறுவை, அவ்வளவே.

தடுப்பதோ வெகு சுலபம். ஆஸ்திரேலியாவின் ஹோவர்ட் பிராட்பரி கண்டுபிடித்த முறை: கிழங்கு மாவைத் தண்ணீரில் பிசைந்து மெல்லிய படலமாகப் பரப்பி, நிழலில் 5 மணி நேரம், வெயிலில் என்றால் 2 மணி நேரம் விடுங்கள். மாவில் மிச்சமிருக்கும் கத்திரிக்கோலே கட்டை அறுத்துவிடும், விஷம் காற்றில் போய்விடும். பிறகு சமைக்கலாம். செலவு ஒரு பாயும் ஒரு வாளித் தண்ணீரும். விற்க ஒன்றும் இல்லாத மருத்துவம் என்பதால் இதற்குப் பணம் போட ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது என் எண்ணம். நம்மிடமிருந்து கைக்கெட்டும் தூரத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் கிழங்குக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. நமக்குக் கிழங்கு என்றால் இளக்காரம், கிழங்கு ஆராய்ச்சி என்றால் அதைவிட இளக்காரம்.

இனி அப்பாவின் தைராய்டு. வெளியேறும் வழியில் தயோசயனேட் ஒரு சில்லறைச் சேட்டை செய்யும்: தைராய்டுக்குள் அயோடின் நுழைகிற வாசலில் போட்டிக்கு நிற்கும். அயோடின் குறைந்த உள்நாட்டு ஆப்பிரிக்காவில் இதனால் கழுத்துக்கழலை பெருகியது. கடல்மீனும் அயோடின் உப்பும் புழங்குகிற வீட்டில் அந்தப் போட்டியில் அயோடினே ஜெயிக்கும். இன்று நம்மிடையே தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், நம் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய்; 1912இல் அதை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர் அது. அதற்குச் சாளையும் பொறுப்பில்லை, கிழங்கும் பொறுப்பில்லை. வைத்தியம், தைராக்சின் மாத்திரை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகள் இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி.

சுகர் புகாருக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு உண்டு. கணையத்தில் கல் விழுந்து, இளவயதிலேயே வயிற்றுவலியும் சர்க்கரை நோயும் வருகிற அரிய நோய் கேரளத்தில் நிறையக் காணப்பட்டதால் கிழங்கின் மேல் சந்தேகம் விழுந்தது. கிழங்கு தின்னாத ஊர்களிலும் அதே நோய் தெரிந்தது. 2002இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் பிழையைக் காட்டினார்கள். கணையத்தின் செரிமான நொதி உள்ளேயே விழித்துக்கொள்ளாமல் பிடித்து வைக்கிற பிரேக் அது. அந்த நோயாளிகளுக்கு நொதி மாத்திரை, இன்சுலின், தேவைப்பட்டால் கல்லை உடைப்பது என்று சிகிச்சை உண்டு. சாதாரண சர்க்கரை நோய்க்காரருக்குக் கிழங்கின் பிரச்சினை சயனைடு அல்ல, மாவு. சோற்றோடு சேர்த்துத் தின்னாமல், சோற்றுக்குப் பதிலாக, அளவாக.

ஆகவே அம்மாவிடம் சொல்லுங்கள்: சந்தையில் கசக்காத கிழங்காக வாங்கி, முதல் தண்ணீரைக் கொட்டி, வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் வைக்கலாம். மீன் வாங்காத நாளில் பயறோ முட்டையோ பக்கத்தில் இருக்கட்டும். உரித்த தோலை மட்டும் ஆட்டுக்குப் போடவேண்டாம்.