அதிகாலை எழுத்து: மூளை எதைப் பழகிக்கொள்கிறது?

ஆந்தணி டிராலப் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அஞ்சல் துறை ஊழியர். 1834இல் எழுத்தராகச் சேர்ந்து 1867 வரை அந்த வேலையில் இருந்தார். அதை விடாமலேயே நாவல் மேல் நாவலாக எழுதினார். வாழ்நாள் கணக்கு 47 நாவல்கள். லண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸில் குடியிருந்த ஆண்டுகளில் காலை 5.30 மணிக்கு மேசை முன் உட்கார்ந்துவிடுவது அவர் வழக்கம். அந்த நேரத்தில் தன்னை எழுப்பிக் காபி கொண்டுவந்து தருவதற்காகவே, குதிரை லாயத்தில் வேலை செய்த வயதான பணியாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்துவந்தார். அந்தப் பணியாள் ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்றும், தான் பெற்ற வெற்றிக்கு வேறு எவரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்றும் டிராலப் தன் வரலாற்றில் குறிப்பிடுகிறார். படிக்கும்போது இது தன்னடக்கமாகத் தோன்றும். நரம்பறிவியலின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது.

‘தினமும் எழுதும் பழக்கம்’ என்று நாம் சொல்வதில் ஒரு சிறு பிழை உண்டு. பல் துலக்குவதுபோல, கதவைப் பூட்டுவதுபோல எழுத்து ஒருபோதும் தானாக நடக்கும் செயலாவதில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நினைவைத் துழாவி, சொல்லைத் தேர்ந்து, எழுதியதை அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது, முப்பது ஆண்டுகள் எழுதியவருக்கும் இதுதான் நிலை. பழக்கமாகக் கூடியது அதற்கு முன்னால் நிகழும் சிறு பகுதி மட்டுமே: எழுவது, விளக்கைப் போடுவது, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து நோட்டைத் திறப்பது. பழக்கத்தை ஆராயும் உளவியலாளர்கள் ஒரு செயலைத் தொடங்கும் பழக்கத்தையும் அதைச் செய்து முடிக்கும் பழக்கத்தையும் வேறுபடுத்திப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

மூளையில் இது எப்படி நிகழ்கிறது என்பதற்கு எலிகள் நல்ல சாட்சி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியலும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கவட்டைபோல இரண்டாகப் பிரியும் பாதையில் எலிகளை ஓடவிட்டார்கள். ஓடும் வழியில் ஓர் ஒலி கேட்கும். அதைக் கொண்டு இடமா வலமா என்று எலி முடிவுசெய்து திரும்பினால் பாதையின் முடிவில் தின்பண்டம் கிடைக்கும். மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்க்லியா என்னும் நரம்பணுத் திரளின் ஒரு பகுதியான ஸ்ட்ரையேட்டத்தில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, ஓட்டம் முழுவதும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவுசெய்தார்கள். தொடக்க நாட்களில் எலி திரும்பும் இடத்தில் துடிப்பு மிகுந்திருந்தது. அந்த ஓட்டம் நன்றாகப் பழகிய பிறகு நடுவழித் துடிப்பு அடங்கிப்போய், ஓட்டம் தொடங்கும் கணத்திலும் முடியும் கணத்திலும் மட்டும் அது கூர்மையாக எழுந்தது. துண்டுதுண்டாக இருந்த செயல்களை மூளை ஒரே பொட்டலமாகக் கட்டி, இரு முனைகளிலும் முடிச்சுப் போட்டுவிட்டது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். முதல் முடிச்சு அவிழ்ந்தால் மற்றவை தாமாக வரும்.

அந்த முதல் முடிச்சை அவிழ்ப்பது நம் விருப்பமோ இலட்சியமோ அல்ல, சூழலில் உள்ள ஒரு குறிப்பு, அதாவது செயலைத் தூண்டிவிடும் அடையாளம். இதை வேடிக்கையான ஒரு சோதனை காட்டியது. டேவிட் நீல், வென்டி வுட் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், திரையரங்கில் படம் பார்க்க வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகப் பொரித்த பாப்கார்னும் சிலருக்கு ஏழு நாள் பழைய, நமுத்துப்போன பாப்கார்னும் கொடுத்தார்கள். படம் பார்க்கும்போதெல்லாம் பாப்கார்ன் கொறித்துப் பழகியவர்கள், சுவை பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பழையதையும் புதியதைப் போலவே தின்று தீர்த்தார்கள். அதே வகையினரைச் சாதாரணக் கூட்ட அறையில் உட்கார்த்தி வைத்தபோது அவர்களுடைய கை தயங்கியது. திரையரங்கிலேயே கூட, வழக்கமில்லாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னபோதும் தயங்கியது. சுவையை விட இருக்கைக்கும் இருட்டுக்கும் கைக்கும் அதிகாரம் அதிகம்.

இதே விதிக்கு நான் எதிர்த்திசையிலிருந்து ஆட்பட்டிருக்கிறேன். அதிகாலையில் எழுதத் தொடங்கிய முதல் மாதத்தில் எழுப்பும் மணியாகக் கைப்பேசியையே தலைமாட்டில் வைத்திருந்தேன். 4.45க்கு அது ஒலிக்கும். அணைப்பதற்காகக் கை நீளும். அணைத்த கட்டைவிரல் அங்கே நிற்காமல் பச்சைச் செயலியைத் திறந்து இரவில் வந்த செய்திகளைத் தள்ளத் தொடங்கும். நிமிர்ந்து பார்த்தால் மணி 5.30, வாசலில் பால் பாக்கெட் விழும் சத்தம் கேட்கும். மன உறுதி போதவில்லை என்றுதான் என்னைக் கடிந்துகொண்டேன். நடந்தது என்னவென்றால், ஒரே குறிப்பில் நன்கு இறுகிய பழைய முடிச்சொன்று இருந்தது, புதிய முடிச்சு அதோடு போட்டியிட்டுத் தோற்றது. நூற்றைம்பது ரூபாய்க்குள் வாங்கிய ஒரு கடிகாரத்தை எழுதும் மேசையின் மேலேயே வைத்தபோது, மணியை நிறுத்தப் போன கால் மேசைக்கே போய்ச் சேர்ந்தது.

ஒரு குறிப்பு எத்தனை நாளில் ஒட்டிக்கொள்ளும்? 21 நாள் என்ற எண் எல்லா இடத்திலும் உலவுகிறது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல், மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழகிக்கொள்ளக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்று எழுதியதுதான் அதன் பிறப்பிடமாகச் சொல்லப்படுகிறது. ‘குறைந்தது’ என்ற சொல் கைமாறும்போது உதிர்ந்துவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு நம்பத் தகுந்தது. நாளுக்கு ஒரு முறை, ஒரே குறிப்பை ஒட்டி, ஒரு புதிய செயலைச் செய்தவர்களுக்கு அது தானியங்கு நிலையை நெருங்கிய காலத்தின் நடு மதிப்பு 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது. 254 என்பது, பழக்கம் வளர்ந்த விதத்தைக் காட்டும் வளைகோட்டை ஆய்வுக் காலத்தையும் தாண்டி நீட்டிப் பெற்ற மதிப்பு. தண்ணீர் குடிப்பது போன்றவை விரைவில் படிந்தன, உடற்பயிற்சி நெடுநாள் எடுத்தது. அந்த வளைகோட்டின் வடிவமும் கவனிக்கத்தக்கது: முதல் வாரங்களில் ஒவ்வொரு முறை செய்யும்போதும் பழக்கம் வேகமாக ஏறுகிறது, போகப்போக ஏற்றம் மெலிந்து சமதளமாகிறது. இடையில் ஒரு நாள் தவறுவது இந்த ஏற்றத்தைப் பொருட்படுத்தும் அளவுக்குக் குலைப்பதில்லை.

அதிகாலைக்குத் தனிச் சிறப்பு ஏதும் உண்டா? பிரான்சில் 48 மாணவர்களை 90 நாள் கவனித்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே தசை நீட்டல் பயிற்சியைக் காலையில் எழுந்ததும் செய்தவர்கள் சுமார் 106 நாளிலும், இரவில் படுக்கப்போகும் முன் செய்தவர்கள் சுமார் 154 நாளிலும் பழக்க நிலையை எட்டுவார்கள் என்று கணக்கிடப்பட்டது. காரணமாக ஆய்வாளர்கள் கார்ட்டிசாலைச் சுட்டினார்கள். எழுந்தபின் முதல் அரை மணி முதல் முக்கால் மணி வரை இந்த இயக்குநீர் இரத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவு உயர்கிறது. பழக்கங்கள் மூளையில் பதிவதற்கு அது துணைசெய்யக்கூடும். 48 பேரை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாதுதான். எனக்கு இதைவிட எளிய காரணமொன்றும் தோன்றுகிறது: விழித்தெழுவது நாள்தோறும் தவறாமல் நிகழும் குறிப்பு, அந்த வேளையில் வீட்டில் வேறு யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை.

ஆனால் எழுந்தவுடன் மூளை முழுதாக எழுவதில்லை. உறக்கத்திலிருந்து வெளிவரும்போது இரத்த ஓட்டம் முதலில் மூளையின் ஆழப் பகுதிகளான மூளைத்தண்டிலும் தலாமசிலும் மீள்கிறது. திட்டமிடுதலுக்கும் தேர்ந்து முடிவெடுப்பதற்கும் பொறுப்பான முன்நெற்றிப் புறணிக்கு அது பிந்தித்தான் வந்து சேர்கிறது. இந்த உறக்கக் கிறக்கம் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தெளியும், உறக்கம் போதாதவர்களுக்கு இன்னும் நீளும். விழித்த கையோடு வெற்றுத் தாளைப் பார்த்து மலைத்துப்போகிறவர், கிறக்கத்தைத் திறமைக்குறைவு என்று தவறாக எண்ணிக்கொள்கிறார். டிராலப் இந்த இடத்தில் தன்னையறியாமல் சரியாக நடந்துகொண்டார்: முதல் அரை மணி நேரம் புதிதாக எழுதாமல், முந்தைய நாள் எழுதியதைப் படித்தார். அதன் பிறகுதான் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதத் தொடங்கினார்.

கிறக்கத்தைத் தவிர உறக்கக் கடனும் உண்டு, அது முந்தைய இரவிலேயே தொடங்கிவிடுகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும், உறக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்னும் வேதிப்பொருள் உறக்கத்தில்தான் குறைகிறது. காபி அதைக் குறைப்பதில்லை, அது உட்காரும் ஏற்பிகளை மறைத்து வைக்கிறது, அவ்வளவே. எனவே ஒரு மணி நேரம் முன்னால் எழ வேண்டுமானால் ஒரு மணி நேரம் முன்னால் படுக்க வேண்டும். அதற்கும் உடற்கடிகாரம் உடனே இசையாது. மனிதரில் அதன் இயற்கைச் சுற்று சராசரியாக 24 மணி நேரத்துக்குச் சற்று மேல் என்பதால் பிந்திச் செல்வதே அதற்கு எளிது. முன்னால் இழுக்க வேண்டுமானால் காலை வெளிச்சம் கண்ணில் பட வேண்டும், இரவில் திரை வெளிச்சம் குறைய வேண்டும். இயல்பிலேயே பின்னிரவில் தெளிவாக இயங்கும் உடலமைப்பு உடையவர்களும் இருக்கிறார்கள், இளவயதினரில் மிகுதி. அவர்கள் இரவு பத்து மணியை ஒரே இடத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாலும் இதே பொறிமுறைதான் வேலை செய்யும்.

இடம் மாறும்போது மட்டும் இந்த ஏற்பாடு ஆட்டம் காணும், ஏனெனில் குறிப்புகள் யாவும் பழைய அறையிலேயே தங்கிவிடுகின்றன. 1871இல் டிராலப் லிவர்பூலிலிருந்து மெல்போர்னுக்குக் கப்பலேறினார். கிளம்பும் முன்பே தன் கப்பல் அறையில் ஒரு மேசை அமைக்கச் செய்திருந்தார். கரை நீங்கிய இரண்டாம் நாளே வேலையைத் தொடங்கி, வாரத்துக்கு 66 கையெழுத்துப் பக்கங்கள் வீதம் எழுதி, மெல்போர்னை அடைவதற்குள் ஒரு நாவலை முடித்தார்.