ஆறு இலக்கமும் ஒரு பாடவேளையும்

போன கிழமை தரம் 8 மாணவன் ஒருவனை அவனுடைய அம்மாயி (அம்மாவின் அம்மா) என்னிடம் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். அம்மாயியின் போனில் கேம் விளையாடும்போது, கேமுக்குள் செலவழிக்கும் டைமன்ட் தருவதாக யாரோ ஒருவன் பேச்சுக் கொடுத்திருக்கிறான். "போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லு தம்பி." பையன் ஆறு இலக்கத்தையும் சொல்லிவிட்டான். அது வாட்ஸ்அப்பைப் பதிவு செய்ய வரும் இரகசிய இலக்கம். அந்த நிமிடமே அம்மாயியின் வாட்ஸ்அப் கைமாறிவிட்டது. அது சனிக்கிழமை. திங்கட்கிழமை, குவைத்தில் வீட்டு வேலை செய்யும் சித்திக்கு அதே நம்பரிலிருந்து "அவசரம், காசு போடு" என்று செய்தி போயிருக்கிறது. அம்மாதானே கேட்கிறார் என்று அவரும் போட்டுவிட்டார்.

இந்த வருடத்தில் என்னிடம் வந்த நான்காவது சம்பவம் இது. நான்கு வீட்டிலும் ஒரே கேள்வி: "போனைப் பறிச்சிட்டா சரிதானே சேர்?"

சரியில்லை. சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் இடையில் என்ன நடந்தது என்று பாருங்கள். வாட்ஸ்அப் போய்விட்டது என்பது பையனுக்கு அன்றைக்கே தெரியும். அம்மாயி கேட்டபோது "டேட்டா முடிஞ்சிருச்சு" என்று சொல்லியிருக்கிறான். சொன்னால் அடி விழும், போன் போய்விடும் என்ற பயம். அப்போதே சொல்லியிருந்தால் அதே போன் நம்பரைப் போட்டு வாட்ஸ்அப்பைத் திரும்பப் பதிவு செய்திருக்கலாம். புதிதாக வரும் இலக்கத்தை அடித்ததும் திருடன் வெளியே போயிருப்பான். அவன் முந்திக்கொண்டு இரகசிய பின் (PIN) இலக்கம் வைத்திருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் உறவுக்காரர்களை எச்சரிக்க அரை மணித்தியாலம் போதுமே! காசு போனது அந்த இரண்டு நாள் மௌனத்தால். பறிப்பேன், பறிப்பேன் என்று மிரட்டி அந்த மௌனத்தைப் பழக்கிவைத்தது நாம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது, தேயிலைக் கொழுந்து எடுத்த காசிலோ கடன்பட்டோ போன் வாங்குங்கள் என்று பெற்றோரிடம் சொன்னது ஆசிரியர்களாகிய நாம். தோட்டத்து லயன் வீடுகளுக்குள் போனைக் கொண்டுபோனவர்கள், அதோடு எப்படிப் பழகுவது என்று சொல்லித்தராமல் ஒதுங்கிக்கொள்ளலாமா?

"லேப்பில் ஓடுவதே மூன்று கம்பியூட்டர், இதற்கு எங்கே வசதி" என்பார்கள் சக ஆசிரியர்கள். எனக்குத் தேவைப்பட்டது ஒரு பிரிஸ்டல் போர்ட்டும் கத்தரிக்கோலும்தான். துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஓர் ஆறு இலக்கம் எழுதினேன். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் கையில் அட்டையைக் கொடுத்தேன். மற்றவர் 4 நிமிடத்துக்குள் அந்த இலக்கத்தை வாய்ப்பேச்சாலேயே வாங்க வேண்டும். தட்டிப் பறிக்கக் கூடாது.

முதல் தடவையே பல பேர் கொடுத்துவிட்டார்கள். எப்படிக் கொடுத்தாய் என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதினேன். "பரிசு தாறேன்னான்." "அவசரம்னான்." "நீ என் கூட்டாளிதானேன்னான்." பின்வரிசைப் பெண்ணொருத்தி தலையைக் குனிந்துகொண்டு, "உங்க பேரைச் சொன்னா சேர், அதான் குடுத்துட்டேன்" என்றாள். எனக்குத் தெரிந்த எந்த மோசடியும் இந்த நான்கு வரிக்கு வெளியே இல்லை. விரிவுரை வைத்திருந்தால் எனக்கு இந்த நான்கு வரி கிடைத்திருக்காது.

விளையாட்டின் உயிர் அடுத்த விதியில் இருக்கிறது. இலக்கத்தைக் கொடுத்தவருக்குப் புள்ளி போகும். ஆனால் உடனே கையை உயர்த்தி "குடுத்துட்டேன்" என்று சொன்னால், இழந்த புள்ளியில் பாதி திரும்பக் கிடைக்கும். மறைத்தால் எல்லாம் போகும். இரண்டாம் சுற்றில் அந்தப் பின்வரிசைப் பிள்ளையின் கைதான் முதலில் உயர்ந்தது. தயவுசெய்து இந்த விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பெற்றோருக்கு: இன்றைக்கே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இரட்டைச் சரிபார்ப்பை (Two-step verification), அதாவது உங்களுக்கு மட்டும் தெரிந்த பின் இலக்கத்தை, போடுங்கள். தெரியாவிட்டால் போனோடு பாடசாலைக்கு வாருங்கள், நானே போட்டுத் தருகிறேன். போனுக்கு வரும் இலக்கத்தை யாரிடமும் சொல்லக் கூடாது, நான் கேட்டாலும்கூட. பாடசாலை பேட்ஜ் தெரியும் படத்தைப் பிள்ளை இணையத்தில் போடுவதற்கு விடாதீர்கள். யாராவது படத்தைக் காட்டி மிரட்டினால் 1929க்கு அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், தமிழிலும் பேசலாம். பிள்ளை "குடுத்துட்டேன்" என்று வந்து நின்றால் முதலில் கையை ஓங்காதீர்கள். எப்போது, யாரிடம் என்று மட்டும் கேளுங்கள்.

ஆசிரியர்களே, வெட்டிய அட்டைகள் என் மேசை லாச்சியில் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொண்டு போங்கள். 40 நிமிடப் பாடவேளை ஒன்றை ஒதுக்கினால் போதும்.