குறைமாதப் பிள்ளையின் குடலும் தாயின் 84 நாளும்

குறைமாதத்தில் பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, "தாய்க்குப் பால் காணாது, பால்மா வாங்குவோமோ?" என்பதுதான். வாங்கப் போக முன் பிள்ளையின் குடலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

37 வாரம் நிரம்பாமல் பிறந்தால் குறைமாதம். அதிலும் 32 வாரத்துக்கு முன், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்குக் குடற்சுவர் வீங்கி அழுகும் ஒரு நோய் வரலாம். வயிறு ஊதும், பச்சையாகச் சத்தி எடுக்கும், மலத்தில் இரத்தம் போகும். தாய்ப்பால் குடிக்கும் நிறைமாதப் பிள்ளையின் குடலில் பிஃபிடோ என்ற நல்ல பற்றீரியா பெருகும். இன்கியுபேற்றரில் குழாயும் அன்ரிபயோட்டிக்குமாகக் கிடக்கும் பிள்ளையில் வேறு பற்றீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. இந்த நோய் வந்த பிள்ளைகள் பலரில், நோய் தெரிய முன்பே ஈ.கோலை, கிளெப்சியெல்லா இனங்கள் மிகுந்திருந்ததை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தாய்ப்பாலில் பிள்ளைக்கே செமிக்காத ஒருவகைச் சர்க்கரை உண்டு. அது பிஃபிடோவின் சாப்பாடு. பால்மா குடிக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கே இந்த நோய் கூடுதலாக வருகிறது. ஆகவே கறந்தது இரண்டு மில்லிலீற்றர் என்றாலும் தாதியிடம் கொடுங்கள். நல்ல பற்றீரியா என்றதும் தயிர்த் தண்ணியைத் தொட்டு வைக்கும் அம்மம்மாமாரும் உண்டு, அது வேண்டாம்! நல்ல பற்றீரியா அடங்கிய துளிமருந்து கொடுப்பதும் வைத்தியர் முடிவுதான்.

சரி, பால் கொடுக்கத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டுமே. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா வைத்தியசாலைகள் அரசினுடையவை. பராமரிப்புக்குக் கட்டணம் இல்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கலாமா என்று நீங்களே கேளுங்கள், அது பால் ஊறவும் உதவும். வீட்டுக்கு வந்தபின் குடும்பநல உத்தியோகத்தர் வந்து பார்ப்பார்.

இலங்கையில் அரச உத்தியோகத்தருக்கு 84 வேலைநாள் முழுச் சம்பளத்துடன் பிரசவ லீவு. அதன்பின் 84 நாள் அரைச் சம்பளத்திலும் இன்னொரு 84 நாள் சம்பளமின்றியும் கேட்கலாம். தனியார் துறையிலும் 84 நாள். 2018இல் சட்டம் திருத்தப்பட்டபின் மூன்றாம் பிள்ளைக்கும் இதே கணக்கு. பிள்ளை இன்கியுபேற்றரில் கிடக்கும் நாட்களும் இதற்குள்தான் கரைகின்றன என்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

காமன்ட் வேலைக்குத் திரும்பும் தாய்மார் பலருக்குத் தெரியாத ஒன்று: பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, சாப்பாட்டு நேரத்துக்கு மேலதிகமாக, ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. பிள்ளைப் பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். மறுத்தால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். நியமனக் கடிதத்தையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் கையோடு கொண்டு போங்கள்.