ப்ராக்ஸி, விபிஎன் பயன்படுத்தினால் குற்றமா? சட்டம் சொல்வது இதுதான்

அக்கா மகன் ஷார்ஜாவுக்கு வேலைக்குக் கிளம்பும் முன் போனை என்னிடம் நீட்டினான். “மாமா, இதுல ஒரு விபிஎன் போட்டுக் குடுங்க. அங்க வாட்ஸ்அப் கால் போகாதாம். அம்மாகிட்ட வீடியோல பேசணும்.” இங்கே கூட்டாளிகள் எல்லோரும் போட்டிருக்கிறார்கள், அங்கே மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்பது அவன் நினைப்பு. விபிஎன் என்பது நம் முகவரியை மறைத்து, வேறொரு சர்வர் வழியாக இணையத்துக்குப் போக வைக்கும் சேவை. நான் போட்டுக் கொடுக்கவில்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தில் 10ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. குற்றம் செய்யவோ, செய்த குற்றத்தை மறைக்கவோ போலி ஐபி முகவரியையோ (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) அடுத்தவர் முகவரியையோ பயன்படுத்தினால் சிறை, அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்ச அபராதமே நம் பணத்தில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். அங்கேயும் விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. நிறுவனங்களும் வங்கிகளும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் தடுத்து வைத்த சேவையைத் திறக்க அதைப் போடும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது. அம்மாவோடு பேச ஆசைப்படும் ஒரு பையன் அந்தக் கோட்டுக்கு அருகில் போகவே வேண்டாம். போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகள் அங்கே உண்டு. அக்கா போனிலும் அவன் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தேன்.

சரி, இந்தியாவில்? ப்ராக்ஸியையோ விபிஎன்னையோ பயன்படுத்துவதே குற்றம் என்று சொல்லும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. ப்ராக்ஸி சர்வர் என்பது நாம் கேட்பதை வாங்கி, தன் முகவரியிலிருந்து தளத்திடம் கேட்டு, பதிலை நம்மிடம் தரும் இடைக் கணினி. நமக்காகக் கடைக்குப் போய் வருகிற ஆள் மாதிரி. கடைக்காரர் அவர் முகத்தைத்தான் பார்ப்பார். விபிஎன் இதோடு, போனிலிருந்து தன் சர்வர் வரை போகிற தரவை வழியில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கமும் செய்கிறது. பல கல்லூரிகளும் அலுவலகங்களும் ப்ராக்ஸி வழியாகத்தான் இணையத்துக்குப் போகின்றன. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐடி ஊழியர் பலருக்கு, காலையில் கணினியைத் திறந்ததும் முதல் வேலை விபிஎன் இணைப்பதுதான்.

அதன் வழியாக என்ன செய்தோம் என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் படங்களைத் தேடினாலோ இறக்கினாலோ 67பி பிரிவில் முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை. முகவரியை மறைத்துக்கொண்டு செய்தேன் என்பதால் இதில் எதுவும் குறையாது.

தடை செய்த தளத்தை ப்ராக்ஸி வழியாகத் திறந்தால் என்ன ஆகும் என்பது அடிக்கடி வரும் கேள்வி. தளங்களையும் செயலிகளையும் மத்திய அரசு முடக்குவது 69ஏ பிரிவின் கீழ். 2020 ஜூனில் டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகள் முடக்கப்பட்டது அப்படித்தான். அந்தப் பிரிவில் இருக்கும் 7 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனை, உத்தரவை நிறைவேற்றாத இணைய நிறுவனங்களுக்கு உரியது. பார்த்த பயனருக்கு அந்தப் பிரிவில் தண்டனை இல்லை. முடக்கிய தளங்களைத் திறந்தால், பார்த்தாலே 3 ஆண்டு சிறை என்கிற தொனியில் 2016இல் ஓர் அறிவிப்பு வந்து பலரைப் பயமுறுத்தியது. திருட்டுப் படத்தை வெறுமனே பார்ப்பது மட்டுமே பதிப்புரிமைச் சட்டப்படி குற்றமாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அப்போதே தெளிவுபடுத்தியது. பிரதி எடுத்துப் பரப்புவது வேறு, அது குற்றம்தான். அலுவலகக் கணினியிலோ கல்லூரி வைஃபையிலோ தடையைத் தாண்டினால் அங்குள்ள விதிப்படி நடவடிக்கை வரலாம். அது வேலை சம்பந்தப்பட்ட விஷயம், உடனே போலீஸ் வழக்கு என்று ஆகிவிடாது.

இனி, நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொண்ட ஒன்று. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டதும் “விபிஎன்னுக்குத் தடை” என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. தடை எதுவும் இல்லை. பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்கிற நிறுவனம் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், சேர்ந்தபோது இருந்த ஐபி, ஒதுக்கப்பட்ட ஐபி, என்ன தேவைக்காக எடுத்தார் என்பதெல்லாம் வாங்கி, அவர் சேவையை நிறுத்திய பிறகும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருப்பது தனி நிபந்தனை. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் விபிஎன்னுக்கு இந்த வாடிக்கையாளர் பதிவு விதி பொருந்தாது என்று அரசே விளக்கக் குறிப்பில் சொன்னது. அதே குறிப்பு, விபிஎன் தொழில்நுட்பத்தால் பொதுமக்களுக்கு ‘ப்ராக்ஸி போன்ற’ சேவை தருபவர்களையும் இதற்குள் சேர்த்துவிட்டது.

ஆக, கடமை நிறுவனத்தின் தலையில்; விவரம் மட்டும் உங்களுடையது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் ஆகியவை அந்த ஆண்டே தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. இந்திய ஐபி தரும் எக்ஸ்பிரஸ்விபிஎன் சர்வர் சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ இருக்கும். தனிநபர் தரவை இவ்வளவு காலம் சேர்த்து வைக்கச் சொல்வது சரியா என்ற கேள்வி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாடு இது.

சட்டத்தைவிட இலவசச் செயலிகளைப் பார்த்துத்தான் எனக்கு அதிகப் பயம். ஆண்ட்ராய்டில் விபிஎன் செயலியை முதல் தடவை இயக்கும்போது ஒரு பெட்டி வரும். உங்கள் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்க இந்தச் செயலிக்கு வழி கிடைக்கும், நம்பினால் மட்டும் சம்மதியுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். படிக்காமல் ‘சரி’யை அழுத்துகிறோம், மேலே ஒரு சின்னச் சாவிப் படம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முகம் தெரியாதவரின் இலவச ப்ராக்ஸியும் அப்படியே. முகவரி https என்று தொடங்காத தளத்தில் நீங்கள் அடிக்கிற கடவுச்சொல் அவர் கண்ணில் படும்.

இந்தியாவுக்குள்ளேயே ஓரிடத்தில் நிலைமை வேறு. ஜம்மு காஷ்மீரில் 2020 ஜனவரியில் 2ஜி இணையம் திரும்ப வந்தபோது அனுமதித்த தளங்களை மட்டும் பார்க்கலாம் என்றார்கள். மக்கள் விபிஎன் போட்டார்கள். பிப்ரவரியில் ஸ்ரீநகர் சைபர் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. 2025 மே மாதத்தில் தோடா, ரஜௌரி போன்ற மாவட்டங்களில் விபிஎன்னுக்கே தடை போட்டார்கள். இந்தத் தடைகள் மாவட்ட நிர்வாகம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 163ஆம் பிரிவில், அதாவது பழைய 144இல், போடுகிற உத்தரவுகள். மீறினால் தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸின் 223ஆம் பிரிவில் வழக்கு வரும். 6 மாதம் வரை, சில சூழல்களில் ஓராண்டு வரை சிறை. சுற்றுலாவோ யாத்திரையோ போகிறவர்களின் போனிலும் இது செல்லும்.

ஆனால் 163இன் கீழ் வரும் உத்தரவுக்கு ஆயுள் 2 மாதம்தான். மாநில அரசோ யூனியன் பிரதேச அரசோ நீட்டித்தாலும் அதற்கு மேல் 6 மாதம். காஷ்மீர் இணைய முடக்கத்தை எதிர்த்த அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தைக் கட்டுப்படுத்தும் உத்தரவுகளையும் 144 உத்தரவுகளையும் வெளியிட வேண்டும், பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் கேட்க வழி இருக்க வேண்டும் என்று சொன்னது. எனவே யாராவது உங்கள் போனைப் பிடித்து வைத்துக்கொண்டு “விபிஎன் தடை” என்றால், வாக்குவாதம் செய்யாமல், உத்தரவின் எண்ணும் தேதியும் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தால் வக்கீல் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.