தரிப்பு வந்தால் பயப்படாதீர்கள்

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பிசியோதெரபி நிலையம் நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார்கள். அதில் எனக்கொரு லாபம் உண்டு. நாம் 'கை மரத்துப்போச்சு' என்று ஒரே மூச்சில் சொல்வதை அவர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். உணர்வே இல்லையென்றால் மரவிப்பு. சுருசுருவென்று ஊசி குத்தினால் தரிப்பு. நரம்பு வெட்டுப்பட்டவருக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டும்போது கத்தி வழுக்கி இடது மணிக்கட்டில் ஆழமாக இறங்கிவிட்டது. போன இடத்தில் தோலை மட்டும் தைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். பெருவிரலின் அடிச்சதை சூம்பத் தொடங்கியிருந்தது. ஆள்காட்டி விரலில் ஒரு கொப்புளம். சாயா கிளாஸ் சுட்டது அவருக்குத் தெரியவேயில்லை.

"நரம்பு அன்னைக்கே சரியாயிட்டுல்லா மக்களே, ரத்தம் நின்னுட்டே" என்றார்.

நம் பேச்சு செய்கிற சதி இது. புடைத்துத் தெரிகிற ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், உணர்வைக் கொண்டுபோவதையும் நரம்பு என்கிறோம். ரத்தம் நிற்பதற்கும் இரண்டாவதற்கும் சம்பந்தமேயில்லை. மணிக்கட்டில் ஆழமாக வெட்டுப்பட்டால் அன்றைக்கே ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டுப் பாருங்கள். ஒரு விரல் மரத்திருந்தாலும் கை அறுவை சிகிச்சை நிபுணரிடம் போய்விடுங்கள். இவரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பி, நரம்பின் இரு முனைகளையும் இணைத்துத் தைத்தார்கள்.

தைத்ததும் கரண்ட் வந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நரம்பு ஒயர் இல்லை. விரல் நுனியின் உணர்வைச் சுமக்கும் நரம்பணுவின் (நரம்புச் செல்லின்) உடல் கழுத்துத் தண்டுவடத்தின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே இழை விரல்வரை வருகிறது. இழை அறுந்தால் அணுவிடமிருந்து பிரிந்த பகுதி செத்துச் சிதைந்துவிடும். 1850இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளை நாக்கின் நரம்புகளை வெட்டிப் பார்த்துக் கண்டது இது. ஆனால் அணு பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு நரம்பணு பெருகாது என்பார்கள், அது சரி. ஆனால் பிழைத்த அணு, செய்தி அனுப்பும் வேலையைக் குறைத்து, இழை கட்டும் சரக்கைத் தயாரிக்கும் வேலைக்கு மாறிக்கொள்ளும். பழைய இழையைச் சுற்றியிருந்த ஷ்வான் அணுக்கள் வரிசைகட்டி வழி காட்டும். வளர்ச்சி நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு ஏறக்குறைய 18 சென்டிமீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வளரும் முனை எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தட்டிய இடத்திலிருந்து விரலுக்குத் தரிப்பு ஓடினால் முனை அங்கே வந்திருக்கிறது. போரில் காயம்பட்டவர்களை வைத்து 1915இல் ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு நரம்பு மருத்துவர் எழுதிய சோதனை. நான் மாதாமாதம் பேனாவால் கோடு போடுவேன். கோடு விரலை நோக்கி நகர வேண்டும், நகராவிட்டால்தான் கவலை. இவரோ மூன்றாம் மாதம் தரிப்புக்குப் பயந்து வருவதையே நிறுத்தினார். வீடு தேடிப் போய்க் கூட்டிவந்தேன். (சர்க்கரைக்காரர்களுக்கு இரண்டு பாதத்திலும் வரும் தரிப்பு வேறு கதை. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

நரம்பு வரும்வரை சதை காத்திருக்காது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் தாண்டினால் நரம்பு வந்தும் சதை ஏற்றுக்கொள்வது கஷ்டம். தாமதமாக வருபவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

மூளை, தண்டுவடத்துக்குள் கதை வேறு. அங்கே சுற்றுப்புறமே இழையை வளரவிடாமல் தடுக்கிறது. பக்கவாதத்தில் மீள்வது பெரும்பாலும் பக்கத்து அணுக்கள் வேலையைப் பகிர்ந்துகொள்வதால்தான்.

கையில் இன்னொரு சிக்கல், இழைகள் வழி மாறிப் போவது. இவருக்கு ஆள்காட்டியைத் தொட்டால் நடுவிரல் என்பார். மூளை அந்தப் புது இணைப்பைப் படித்துக்கொள்ள வேண்டும். அரிசி டப்பாவுக்குள் ரப்பர் கொட்டை, பாக்கு, சிரட்டைத் துண்டு, நாணயம் எல்லாம் போட்டு, கண்ணை மூடித் துழாவச் சொன்னேன். தினமும் நான்கைந்து தடவை, பத்து நிமிடம்.

"சின்னப் பிள்ளை விளையாட்டுல்லா இது" என்று சலித்துக்கொண்டே செய்தார். எட்டாம் மாதம் ரப்பர் கொட்டையையும் பாக்கையும் பிரித்து எடுத்து வைத்தார். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் மட்டும் இன்னும் குழம்புகிறது. அது எனக்கே குழம்புகிறது.